மிச்ச வண்டி

அந்தச் சந்திப்புக்கு நாலு காது. நெடுஞ்சாலை மேலே போகும். ஊருக்குள் போகிற சாலை அதன் அடியில் குறுக்கே போகும். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏறவும் இறங்கவும் நான்கு மூலைகளிலும் நான்கு வளைவுகள். உயரத்திலிருந்து பார்த்தால் காது மாதிரி இருக்கிறது என்று கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் சொல்லப்போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வரைபடத்தில் வேறு பெயர். கொஞ்ச நாளில் இன்ஜினியரும் காது என்றே சொல்ல ஆரம்பித்தார்.

நெரிசல் தாங்காமல்தான் இடித்துக் கட்டினார்கள். அங்கே மாட்டிக்கொண்டவர்கள் மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலேயே காருக்குள் பிரித்துவிடுவார்கள். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு அடித்துக்கொள்ளும். நாலு காதையும் எடுத்துவிட்டு நீளமாக ஒரு மேம்பாலம் என்று முடிவாயிற்று. மூன்று காது போய்விட்டது. நான்காவது மட்டும் பாலம் திறக்கும்வரை இருக்க வேண்டும். அதிலும் பாதி அகலத்தைத் தூணுக்காகத் தோண்டிவிட்டார்கள். எஞ்சியது ஒரு வண்டி போகிற அகலம். ஏறுகிறவர்களுக்கும் அதுதான், இறங்குகிறவர்களுக்கும் அதுதான்.

கீழ் முனையில் போர்டு பிடித்து நின்றவளை எல்லோரும் போர்டக்கா என்றார்கள். கம்பின் உச்சியில் வட்டத் தகடு. ஒரு பக்கம் சிவப்பில் 'நில்'. மறுபக்கம் பச்சையில் 'செல்'. தன் பக்கத்து வரிசைக்கு அவள் 'நில்' காட்டினால், காதுக்குள்ளிருந்து வருகிறவர்களுக்குத் தானாகவே 'செல்' தெரியும். திருப்பினால் இவர்களுக்குச் 'செல்', அவர்களுக்கு 'நில்'. ஒரே தகடு இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்தது.

மேல் முனையில் இதேபோல் ஒரு போர்டுடன் அவள் தம்பி. அவனுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. இருந்த வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டு முன்னறையில் படுத்துக் கிடந்தவனை, இன்ஜினியரிடம் கெஞ்சி இங்கே சேர்த்துவிட்டது அவள்தான்.

இருவருக்கும் நடுவில் மண்மேடு. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. வாக்கிடாக்கியில் இரைச்சல்தான் வரும். ரோட்டில் நின்றுகொண்டு போன் பேசக் கூடாது என்று உத்தரவு. அதனால் குச்சி.

குச்சி என்பது சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு கட்டை. மேலிருந்து வண்டிகளை விடும்போது கடைசியாக விடுகிற வண்டிக்காரரிடம் தம்பி அதைக் கொடுப்பான். "கீழ நிக்கிறாங்களே, அவங்ககிட்ட குடுத்துடுங்க." குச்சி அவள் கைக்கு வந்துவிட்டால் காதுக்குள் யாரும் இல்லை என்று அர்த்தம். பிறகு அவள் போர்டைத் திருப்பித் தன் பக்கத்து வண்டிகளை விடுவாள். அவற்றில் கடைசி வண்டியோடு குச்சி மேலே போகும். ஒரே ஒரு குச்சி. அது கையில் இல்லாமல் யாரும் போர்டைத் திருப்பக் கூடாது.

சிலர் அதைப் பச்சைக்குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்குவார்கள். ஒருவர், "இதைத் தொலைச்சா என்ன ஆகும்?" என்று கேட்டார். "உங்க வண்டியை இங்கேயே நட்டு வச்சுடுவோம்" என்றாள்.

முதல் முறை அது மழைக்காலத்தில் நடந்தது. ஒரு வேன்காரர் மேலிருந்து குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் போர்டைத் திருப்பப் போனாள். வளைவிலிருந்து இன்னொரு கார் வந்தது. பழைய மாடல். பழுப்பேறிய வெள்ளை. கண்ணாடியெல்லாம் சேறு. அவள் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. ஓட்டியவர் நடுவயதுக்காரர். சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்தார்.

"மெயின் ரோடு இதுதானேம்மா?"

"ஆமா. நேரா போங்க."

தலையசைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வண்டிக்குக் குடுடான்னா, கடைசிக்கு முந்தினதுக்குக் குடுத்திருக்கே."

"யாரு, நானா? வேனுக்குப் பின்னாடி ஒரு சைக்கிள்கூட இல்ல."

"அப்ப அந்தக் கார் வானத்துலேருந்து குதிச்சுதா?"

"எந்தக் கார்?"

"வாய் ஓடற வேகத்துக்கு உனக்குக் கண்ணு ஓடல. அதான் விஷயம்."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த முறை குச்சி வண்டியை அனுப்பிவிட்டு ரோட்டின் நடுவில் காலை அகட்டி நின்றான். தன்னைத் தாண்டி ஒரு எறும்பு போகவில்லை என்றான். கீழே அவள் கைக்குக் குச்சி வந்தது. கொஞ்சம் பொறுத்து அதே கார் வந்தது. அதே மடித்த கை.

"மெயின் ரோடு இதுதானேம்மா?"

மத்தியான இடைவேளையில் தம்பி காது முழுக்க நடந்து பார்த்தான். ஒரு பக்கம் தூணுக்குத் தோண்டிய குழி, தகரம் அடித்து மூடியிருந்தது. மறுபக்கம் செங்குத்தாக மண். நடுவில் வந்து சேர ஆட்டுக்குட்டிக்குக்கூட வழியில்லை.

இடிக்கிற எந்திரத்தை ஓட்டுகிறவனுக்கு மொட்டை என்று பெயர். தலை நிறைய முடி வைத்திருந்தான். பெயர் வைத்த காலத்தில் இல்லையாம். அவன்தான் அந்தக் காருக்கும் பெயர் வைத்தான்.

"எல்லாம் போனப்புறம் வர்றது மிச்சம்தானேக்கா. மிச்சம்னு வச்சுக்கோ."

பெயர் வைத்ததும் பயம் பாதியாகக் குறைந்தது. மீதியும் பழகிவிட்டது. குச்சி வந்த பிறகும் அவள் உடனே போர்டைத் திருப்புவதில்லை. கொஞ்சம் நிற்பாள். மிச்சம் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வந்தால் வழி சொல்லி அனுப்பிவிட்டுத் திருப்புவாள். அந்த ஆள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை, ஹாரன் அடித்ததில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் வசவு வாங்குகிறவளுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

இன்ஜினியர் கவனித்துவிட்டார்.

"குச்சி வந்தப்புறமும் ஏம்மா சும்மா நிக்கிறே? அங்க பாரு, வரிசை எங்க நிக்குதுன்னு."

"மிச்சம் வரும் சார்."

"என்ன மிச்சம்?"

சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. தூங்கி நாளானவர். "குச்சி வந்தா திருப்பு. அவ்வளவுதான்" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னபடியே அவள் திருப்பினாள். முதலில் போன லாரி மேலே போய்ச் சேர்ந்ததும் ஓட்டுநர் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். தம்பி தண்ணீர் கொடுத்தான். எதிரில் ஒரு கார் வந்தது, பிரேக் அடித்தேன், கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தால் ரோடு காலி என்றார் அவர். லாரியில் ஒரு கீறல் இல்லை. பக்கக் கண்ணாடி மட்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் யார் சொன்னாலும் கேட்கவில்லை. மிச்சத்துக்காக நின்றாள்.

பாலம் திறக்கிற நாள் வந்தது. கடைசி நாள் என்பதால் தம்பி அதிகமாகவே பேசினான். காலையில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு கிளம்பினான்.

"இன்னைக்கு அந்த ஆளை விட மாட்டேன். மிச்சத்துல ஏறி உக்காந்து, ஐயா நீங்க எங்கேருந்துதான் வர்றீங்கன்னு கேட்டுடறேன்."

"வேலையைப் பாருடா. கடைசி வண்டியில ஏறினமா, வந்தமான்னு இரு."

எப்போதும் அப்படித்தான். வேலை முடிகிற நேரத்தில் மேலிருந்து இறங்குகிற கடைசி வண்டியில் அவனும் ஏறிக்கொள்வான். குச்சியைத் தானே கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பான். அன்றைக்கும் அதே ஏற்பாடு. அவன் வந்து சேர்ந்ததும் மேல் முனையை அடைத்துவிடுவார்கள். அவள் பக்கத்து வரிசையைக் காதுக்கு விடாமல் புதுப் பாலத்துக்குத் திருப்பிவிட வேண்டும். மொட்டை எந்திரத்தோடு காதுக்குள் நுழைவான்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. காய்கறி ஏற்றிய ஒரு மினி வேன் வளைவிலிருந்து வந்து நின்றது. ஓட்டுநர் கையை நீட்டினார். குச்சி இருந்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது.

"தம்பி எங்க?"

"பாதி வளைவுல நிறுத்தச் சொன்னார். பின்னாடி ஒரு கார் வருதுன்னார். எனக்குக் கண்ணாடியில ஒண்ணும் தெரியல. இதை உங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டு எறங்கிட்டார். சிரிச்சுக்கிட்டேதான் எறங்கினார்."

வேன் போய்விட்டது. அவள் வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை. காரும் வரவில்லை.

இன்ஜினியர் வேகமாக வந்தார். அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்.

"குச்சி வந்துடுச்சில்ல?"

"வந்துடுச்சு சார்."

"அப்ப திருப்பு. உள்ள யாரும் இல்ல."

"தம்பி இருக்கான் சார்."

"குச்சி வந்தா யாரும் இல்ல. அதுதானே நம்ம பேச்சு?"

"அவன் எறங்கி வரல சார். வரட்டும், திருப்பறேன்."

அவர் மொட்டையைக் காதுக்குள் அனுப்பினார். மொட்டை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மேல் முனைக்குப் போய்த் திரும்பி வந்தான். தகரத்தைத் தூக்கிக் குழிக்குள்ளும் பார்த்திருந்தான். கையெல்லாம் துரு.

"இல்லக்கா. மேல அவன் போர்டு மட்டும் சாய்ச்சு வச்சிருக்கு."

"மேட்டுல ஏறி அந்தப் பக்கம் போயிருப்பான்" என்றார் இன்ஜினியர். "கடைசி நாள். டீ குடிக்கப் போயிருப்பான்."

"அந்த மேட்டுல பல்லிகூட ஏறாது சார்" என்றான் மொட்டை. பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் தலையைச் சொறிந்தான்.

வரிசையில் ஹாரன் ஆரம்பித்தது. ஒன்று அடித்தால் அத்தனையும் அடிக்கும். அவள் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டாள். வரிசைக்கு 'நில்'. காதுக்குச் 'செல்'. தம்பி வருகிற வழியைத் தான் திறந்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். யார் வந்து பிடுங்கினாலும் திருப்புவதில்லை.

கார் வந்தது.

வேகமாக வரவில்லை. எப்போதும் போல வந்தது. பக்கக் கண்ணாடிகளில் புழுதி அப்பியிருந்தது. மடித்த கை ஸ்டியரிங்கில் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள், "மெயின் ரோடு இதுதானேம்மா" என்று கேட்டுக்கொண்டே அந்த ஆள் கடந்துபோய்விட்டார்.

"இதுவா?" என்றார் இன்ஜினியர்.

அவள் உத்தரவை மீறிப் போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மணி அடித்தது. தம்பி எடுத்தான்.

"எங்கடா இருக்கே?"

"வந்துட்டே இருக்கேன்."

இது அவன் வழக்கமாகச் சொல்கிற பதில். போர்வைக்குள்ளிருந்துகூடச் சொல்வான். இப்போது குரலில் விளையாட்டு இல்லை. பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

"எங்க வந்துட்டிருக்கே?"

"வளைவுலதான். வளைவு முடியும். நீ தெரிவே. தாண்டுவோம். மறுபடியும் வளைவு."

"என்னைப் பார்த்ததும் எறங்க வேண்டியதுதானேடா."

"கதவு தொறக்கல. அவரும் நிறுத்த மாட்டேங்கறார். போர்டு 'செல்'னு காட்டுது, நிறுத்தினா தப்புங்கறார்."

"எந்தப் போர்டு?"

"உன் போர்டுதான்க்கா."

இரைச்சல் வந்தது. பேச்சு அறுந்தது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். தகட்டின் பச்சைப் பக்கம் காதைப் பார்த்து இருந்தது. இத்தனை மாதமாக மிச்சத்துக்காகக் காத்து நின்றபோதெல்லாம் அந்தப் பக்கம்தான் காதைப் பார்த்து இருந்தது.

கம்பைத் திருப்பினாள்.

"அப்பாடா" என்றார் இன்ஜினியர்.

வரிசை நகர்ந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகப் புதுப் பாலத்தில் ஏறின. பாலத்தின் மேலே யாரோ கைதட்டினார்கள். மொட்டை எந்திரத்தில் ஏறி உட்கார்ந்தான், ஆனால் சாவியைத் திருப்பவில்லை. அவள் வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காதைப் பார்த்து நின்றாள். வண்டிகளின் காற்று அவள் சேலையை முன்னால் தள்ளியது.

நேரமாயிற்று. வளைவில் புழுதி எழுந்து அடங்கியது. எதுவும் இல்லை. தான் தாமதமாகத் திருப்பிவிட்டோமோ என்று நினைத்தாள். இனி வராதோ என்று நினைத்தாள்.

வந்தது.

தகட்டைப் பார்த்ததும் கார் தயங்கியது. பிறகு ஒழுங்காக, அவள் காலடியில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால், நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆள் போர்டைப் பார்த்தார். அதில் இருக்கிற சொல்லை முதல் தடவையாகப் படிக்கிறவர்போல உதட்டை அசைத்தார்.

அவள் பின்கதவைப் பிடித்து இழுத்தாள். திறந்தது.

"எறங்குடா."

தம்பி இறங்கினான். ஒரு காலை ஊன்றி, தரை நிற்கிறதா என்று பார்த்து, அடுத்த காலை வைத்தான். தாடி கழுத்தை மூடியிருந்தது. காலையில் போட்டுக்கொண்டு வந்த அதே சட்டை, தோளில் வெளுத்துக் கிழிந்திருந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு கைக்குள் அடங்கியது.

"எங்கய்யா போனே?" என்று இன்ஜினியர் திட்ட ஆரம்பித்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"முதல் தடவை மழை பெஞ்சுது" என்றான் தம்பி, அவளிடம் மட்டும். "நீ மஞ்ச மழைக்கோட்டு போட்டிருந்தே. கண்ணாடியைத் தட்டினேன். நேரா போங்கன்னே."

மழை நின்று மாதக்கணக்காகிவிட்டது. அந்த மஞ்சள் கோட்டு கிழிந்து, அவள் அதை எறிந்தும்விட்டாள். அந்த மழையில் இவன் மேலே நின்றுகொண்டிருந்தான். சாயங்காலம் அவளோடு வீட்டுக்கு நடந்து வந்தான். கார் எது என்று கேட்டான்.

"இன்னைக்கு நில்லுன்னு காட்டினேன்ல" என்றாள்.

"காட்டினே."

முன்சீட்டிலிருந்து அந்த ஆள் தலையை வெளியே நீட்டினார்.

"போர்டைத் திருப்புறியாம்மா? வீட்டுல காத்துக்கிட்டிருப்பாங்க."

"நீங்களும் எறங்கிடுங்க" என்றாள்.

"வண்டியை நடு ரோட்டுல விட்டுட்டா? நல்லா சொன்னேம்மா." சிரித்தார். நல்ல மனிதர் சிரிக்கிற சிரிப்பு. "மெயின் ரோடு இதுதானே?"

தம்பியின் மணிக்கட்டு அவள் பிடிக்குள் இறுகியது. அவன் காரைப் பார்க்கவில்லை. பாலத்தில் ஏறிக்கொண்டிருந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒன்று தெரிந்தது. போர்டைத் திருப்பாமல் இந்த மனிதரை நாள் முழுக்க நிறுத்தி வைக்கலாம். அவர் நிற்பார். ஹாரன்கூட அடிக்க மாட்டார். ஆனால் கதவைத் திறந்துகொண்டு இறங்க மட்டும் மாட்டார். அவர் நிற்கிறவரை தம்பியும் இந்த இடத்தைவிட்டு நகர மாட்டான்.

திருப்பினாள். பாலத்துக்குப் போகிற வரிசை கிறீச்சிட்டு நின்றது. யாரோ அவள் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார்கள்.

"ஆமா. நேரா போங்க" என்றாள்.

எப்போதும் சொல்கிற அதே வார்த்தைகள். இந்தத் தடவைதான் பொய் சொல்வது தெரிந்து சொன்னாள்.

அவர் தலையசைத்தார். கார் அவளைத் தாண்டி, ஊருக்குள் போகிற சாலையில் சேர்ந்து, ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தது. மொட்டை அதற்குமேல் பொறுக்கவில்லை. எந்திரத்தைக் கிளப்பிக்கொண்டு காதுக்குள் நுழைந்தான். முதல் அடியில் தார் வெடித்தது. இரண்டாவது அடியில் அடியிலிருந்த மண் தெரிந்தது. வெறும் மண்தான்.

அவள் போர்டை இன்ஜினியரின் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் அதைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு ஜீப்பில் கொண்டுபோய் விடச் சொல்வதாக அவர் சொன்னார். தம்பி ஜீப்பைப் பார்த்தான். "நடந்தே போயிடறோம் சார்" என்றாள் அவள்.

நடந்தார்கள். பின்னால் பாலத்தில் வண்டிகள் நிற்காமல் ஓடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நாளாக ஹாரன் கேட்ட இடத்தில் அது புதுச் சத்தமாக இருந்தது. தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம், முன்னறை ஜன்னல் கொக்கி உடைந்தது, நாளைக்கு முடிவெட்டிக்கொள்ள வேண்டியது.

மாவு மில்லுக்குப் பக்கத்தில் தெரு வளைகிறது. வளைவுக்கு முன்னால் அவன் நின்றுவிட்டான்.

"வாடா. நம்ம தெருதான்."

அவன் வரவில்லை. மில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். வளைவைத் தாண்டினாள். தெரு இருந்தது. அவர்கள் வீட்டுக் கதவு இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சாய்ந்து நின்றது. எல்லாவற்றையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"வரலாம்" என்று குரல் கொடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செருப்புச் சத்தம் வர ஆரம்பித்தது. முகம் தெரிகிறவரை அவள் இமைக்காமல் நின்றாள்.